நாலே நாலு காய்

உங்க போன்ல செஸ் ஆப் இருக்கா? இருந்தா ஒரு நிமிஷம் திறந்து பலகையைக் காலி பண்ணுங்க. ரெண்டு ராஜா, ஆளுக்கு ஒரு மந்திரி. மொத்தம் நாலே நாலு காய்தான் மிச்சம். வெள்ளை முதலில் ஆடி ஜெயிக்கணும்.

இதுல என்ன பெரிய கஷ்டம்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா இந்த நாலு காய்ப் புதிரை ஒருத்தர் போட்டு வச்சிட்டுப் போய், அடுத்த ஆயிரம் வருஷத்துக்கும் மேல யாராலும் அவிழ்க்க முடியல. அவர் பெயர் அபூ பக்ர் முகமது இப்னு யஹ்யா அஸ்-சூலி. சுருக்கமா அஸ்-சூலி. பத்தாம் நூற்றாண்டு பாக்தாத்தின் மனிதர். இந்தக் கட்டுரை அவர் வாழ்க்கையைப் பற்றியது. கடைசியில் நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையும் கொஞ்சம் தொடும், பயப்படாதீங்க.

(பள்ளியில் எனக்குத் தமிழ் வெறும் ஒரு பாடம்தான். எழுத்துப் பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

முதலில் அவர் ஆடிய ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

சதுரங்கம் என்ற சொல்லுக்கு நான்கு உறுப்பு என்று பொருள். யானை, குதிரை, தேர், காலாள் என்று நாலு உறுப்பு உள்ள படை. வட இந்தியாவில் சுமார் ஆறாம் நூற்றாண்டில் இந்த ஆட்டம் உருவானது என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவைப் புலவர் பாணபட்டர் எழுதிய ஹர்ஷ சரிதத்திலேயே இதற்கான குறிப்பு வந்துவிடுகிறது. அங்கிருந்து ஆட்டம் பாரசீகத்துக்குப் போனது. அதைப் பற்றி பாரசீகர்களிடம் ஒரு கதை உண்டு. இந்திய அரசன் ஒருவன் சதுரங்கப் பலகையை விதிமுறை சொல்லாமல் பாரசீக அரசன் குஸ்ரோ அனுஷிர்வானுக்கு அனுப்பி, முடிஞ்சா ஆடும் முறையைக் கண்டுபிடி, முடியலைன்னா கப்பம் கட்டு என்றானாம். குஸ்ரோவின் அமைச்சர் புஸுர்க்மிஹ்ர் யோசித்து விடையைச் சொல்லிவிட்டாராம். நடந்ததோ இல்லையோ, ஆட்டம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கே சந்தேகம் இல்லை என்று இந்தக் கதை காட்டுகிறது.

பாரசீகர்கள் அதை சத்ரங் என்றார்கள். ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் பாரசீகத்தைப் பிடித்தபோது ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டன. அரபியில் ச ஒலியும் கடைசியில் வரும் ங் ஒலியும் இல்லாததால் சத்ரங், ஷத்ரஞ்ச் ஆனது. நாம இன்னைக்கு கெத்தா சொல்ற செக்மேட், ஷா மாத் என்பதன் தேய்ந்த வடிவம். ராஜாவுக்கு வழியில்லை என்று அர்த்தம்.

ஷத்ரஞ்ச் நம்ம செஸ் மாதிரியேதான், ஆனா ரொம்ப மெதுவானது. பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் கிடையாது, வெறும் கோடுகள்தான். ராணியே கிடையாது. ராஜா பக்கத்தில் ஃபிர்ஸான் என்று ஒரு மந்திரி நிற்பார். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நகர முடிந்த பாவப்பட்ட ஜீவன். இப்ப பிஷப் நிற்கும் இடத்தில் அப்ப யானை நின்றது. மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், நடுவில் யார் இருந்தாலும் கவலைப்படாது. ஆனா ஒரு யானையால் ஆட்டம் முழுவதும் எட்டே எட்டு கட்டங்களைத்தான் மிதிக்க முடியும். பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க, சரியா எட்டுதான் வரும். குதிரையும், மூலையில் நிற்கும் காயும் (நம்ம வீட்டுல யானைன்னு சொல்ற அதே காய்தான்) இன்று போலவே நகர்ந்தன. இன்னொரு விதியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். எதிராளியின் ராஜாவைத் தவிர மற்ற எல்லாக் காயையும் வெட்டிவிட்டாலே நீங்கள் ஜெயித்த மாதிரி. அடுத்த நகர்விலேயே அவனும் உங்களை அதே நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் மட்டும் அது செல்லாது.

இனி அஸ்-சூலி.

அவர் பிறந்தது ஒன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில். காஸ்பியன் கடலின் தென்கிழக்கே குர்கான் பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட துருக்கிய வம்சத்தின் வழிவந்த குடும்பம். சூல் என்ற முன்னோரின் பெயர்தான் சூலி ஆனது. ஆனால் இவர் காலத்தில் ராஜ்யமெல்லாம் எப்போதோ போய்விட்டது. குடும்பத்தில் மிச்சமிருந்தது படிப்பு. எழுத்தர்கள், கவிஞர்கள், அரசாங்க அதிகாரிகள் என்று படிப்பை நம்பிப் பிழைத்த வம்சம். நம்மில் பாதிப் பேர் வீட்டு நிலைமையும் அதுதானே?

படித்து முடித்த அஸ்-சூலிக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. அந்தக் காலத்து பாக்தாத்தில் படித்தவனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய வேலை, கலீஃபாவின் நதீம் ஆவது. நதீம் என்றால் அவைத் தோழர். கலீஃபா சாப்பிடும்போது கூட உட்கார்ந்து பேச வேண்டும், கவிதை சொல்ல வேண்டும், பழைய வரலாறு சொல்ல வேண்டும், அவர் விரும்பினால் ஷத்ரஞ்ச் ஆட வேண்டும். சம்பளம், பரிசு எல்லாம் உண்டு. ஒரே சிக்கல், கலீஃபாவுக்குப் பிடிக்காமல் போனால் அன்றைக்கே எல்லாம் முடிந்தது.

அப்போது கலீஃபாவாக இருந்தவர் அல்-முக்தஃபி (902–908). அவருக்கு ஏற்கெனவே ஒரு ஷத்ரஞ்ச் சாம்பியன் இருந்தார். பெயர் அல்-மாவர்தி. கலீஃபாவின் செல்லப்பிள்ளை. யாரோ அஸ்-சூலியின் திறமையைக் கலீஃபாவிடம் சொல்ல, இருவருக்கும் நேருக்கு நேர் ஆட்டம் ஏற்பாடானது. நடுவர் கலீஃபா, பார்வையாளரும் கலீஃபா.

இந்தக் காட்சியை வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி பதிவு செய்திருக்கிறார். ஆட்டம் தொடங்கியதுமே கலீஃபா வெளிப்படையாக அல்-மாவர்தி பக்கம் சாய்ந்தார். நல்ல நகர்வுக்கெல்லாம் அவரை உற்சாகப்படுத்தினார். எதிரே உட்கார்ந்திருந்த புதியவர் தடுமாறிப் போனார். யோசிச்சுப் பாருங்க. வைவாவுல எக்ஸ்டர்னல் உங்க பக்கத்து பெஞ்ச்காரனைப் பார்த்து மட்டும் சிரிச்சுக்கிட்டே இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? கை நடுங்கும்ல?

அஸ்-சூலிக்கும் அந்த நிலைமைதான். ஆனால் ஆட்டம் நீள நீள அவர் நிதானத்துக்கு வந்தார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை மறந்து, மேலே உட்கார்ந்திருக்கும் ஆளையும் மறந்து, பலகையை மட்டும் பார்த்தார். கடைசியில், அல்-மாவர்தி பதில் சொல்ல வழியே இல்லாத அளவுக்கு மிகத் தெளிவாக ஜெயித்தார்.

கலீஃபாவின் அன்பு அந்த நிமிடமே இடம் மாறியது. மாவர்த் என்றால் அரபியில் பன்னீர். தோற்றுப்போன பழைய செல்லப்பிள்ளையைப் பார்த்து, உன் பன்னீர் சிறுநீர் ஆகிவிட்டதே என்று கலீஃபா கிண்டலடித்தாராம். எல்லாரும் சிரித்திருப்பார்கள். ஆனால் இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு அல்-மாவர்தி மேலதான் பாவமா இருந்தது. அன்று ஜெயித்தவருக்கும் அந்தக் கிண்டலில் ஒரு எச்சரிக்கை இருந்தது.

அதன் பிறகு சுமார் 30 வருடம் அஸ்-சூலி அரண்மனையைச் சுற்றியே வாழ்ந்தார். அல்-முக்தஃபிக்குப் பின் அல்-முக்ததிர் வந்தார். பதவிக்கு வரும்போது அவர் 13 வயதுப் பையன். அவர் மகன்களில் ஒருவருக்கு அஸ்-சூலி ஆசிரியர் ஆனார். அந்த மாணவன்தான் பின்னால் கலீஃபா அர்-ராதி.

அந்தப் பாடவேளையில் நடந்த ஒரு சம்பவத்தை அஸ்-சூலியே எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் இளவரசன் படித்துக்கொண்டிருந்தபோது பாட்டியின் பணியாட்கள் திடுதிப்பென்று வந்து, எதிரே இருந்த புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். வாத்தியார் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று சோதனை. சில மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கோபத்தில் இருந்த பையன் அவர்களிடம், இவை மார்க்கமும் கவிதையும் மொழியும் வரலாறும் உள்ள அறிவு நூல்கள், நீங்கள் படிக்கிற கடல் அதிசயக் கதையும் சிந்துபாத் கதையும் பூனை எலிக் கதையும் இல்லை என்று எஜமானர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினானாம். ஆசிரியருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்திருக்கும். கூடவே பயமும் இருந்திருக்கும்.

ஷத்ரஞ்ச் அவர் வேலையில் ஒரு பகுதிதான். அபூ நுவாஸ் போன்ற பெரிய அரபுக் கவிஞர்களின் சிதறிக் கிடந்த கவிதைகளைத் திரட்டி, எதுகை எழுத்து வரிசைப்படி அடுக்கித் தொகுப்புகள் ஆக்கினார். எழுத்தர்களுக்கு ஒரு கையேடு எழுதினார். கலீஃபாக்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் அல்-அவ்ராக் என்ற பெரிய நூல் எழுதினார். அவர் வீட்டில் பெரிய நூலகம் இருந்தது. வரிசைக்கு ஒரு நிறத்தில் அட்டை போட்டு அடுக்கி வைத்திருப்பாராம். எதைக் கேட்டாலும் அந்த நூலை எடுத்து வா என்று பணியாளிடம் சொல்வார் என்பதால், இவர் அறிவு முழுக்க அலமாரியில்தான் இருக்கிறது, தலையில் இல்லை என்று ஒரு கவிஞர் கிண்டலாகப் பாட்டே எழுதினார். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பார்த்துக் கோட் எழுதுறவங்க எல்லாரும் அஸ்-சூலி கட்சிதான்.

ஷத்ரஞ்ச் பற்றியும் நூல் எழுதினார். காலாள் ஒரு கட்டம்தான் நகரும் என்பதால் ஆட்டம் சூடு பிடிக்க நேரமாகும். அதனால் ஆட்டக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு அணிவகுப்பை முதலில் கட்டி முடித்துவிட்டுத்தான் சண்டைக்குப் போவார்கள். அந்த அணிவகுப்புக்கு தபியா என்று பெயர். அஸ்-சூலி இவற்றை முறையாக ஆராய்ந்து எழுதினார். அவருக்கு முந்தைய தலைமுறை மேதை அல்-அத்லியின் நூலில் உள்ள குறைகளையும் எழுதினார். அல்-லஜ்லாஜ் என்ற மாணவரை உருவாக்கினார். அந்தப் பெயருக்குத் திக்கிப் பேசுபவர் என்று அர்த்தம். வாய் திக்கினாலும் அவர் கை திக்கவில்லை, ஆசிரியருக்குப் பின் பெரிய ஆட்டக்காரராகப் பெயர் வாங்கினார்.

934-ல் அர்-ராதி கலீஃபா ஆனார். அஸ்-சூலியின் வாழ்க்கையில் நல்ல காலம் இதுதான். ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்த அர்-ராதி, இதைவிட அழகான ஒன்றைப் பார்த்ததுண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். எல்லோரும் பூக்களைப் புகழ்ந்து தள்ளினார்கள். கலீஃபா அவர்களை நிறுத்தி, அஸ்-சூலி ஷத்ரஞ்ச் ஆடும் அழகு இந்தப் பூக்களையும், நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் விடப் பெரிது என்றாராம். ஒரு மாணவன் தன் வாத்தியாருக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

ஆனால் தோட்டத்துக்கு வெளியே ராஜ்யம் கரைந்துகொண்டிருந்தது. அர்-ராதியின் தந்தை 932-ல் கொல்லப்பட்டவர். அடுத்து வந்த சித்தப்பா 934-ல் பதவி பறிக்கப்பட்டுக் கண் பிடுங்கப்பட்டவர். 936-ல் கஜானாவும் படையும் முழுக்கத் தளபதிகள் கைக்குப் போய்விட்டன. கலீஃபாவிடம் பட்டமும் தோட்டமும்தான் மிச்சம். ஷத்ரஞ்ச் பலகையில் ராஜா மட்டும் தனியாக நிற்கும் நிலை. அந்த விதிப்படி அது தோல்வி என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

940 டிசம்பரில் அர்-ராதி இறந்தார். வயது 31. அடுத்து வந்த அல்-முத்தகி, தனக்குத் தோழராகக் குர்ஆன் ஒன்றே போதும் என்று சொல்லி, அவைத் தோழர்களை எல்லாம் வேண்டாம் என்றார். அறுபதை ஒட்டிய வயதில் அஸ்-சூலிக்கு வேலை போனது. வாஸித் நகரில் இருந்த தளபதி பஜ்கமிடம் போய்ச் சேர்ந்தார். மறு வருடமே பஜ்கம் வேட்டைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார். அந்தக் கதவும் மூடியது.

கடைசி வருடங்களில் பணமில்லை. பாக்தாத்தை விட்டுத் தெற்கே பஸ்ராவுக்குப் போனார். அதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது. நபியின் மருமகன் அலியைப் பற்றி அவர் எடுத்துச் சொன்ன ஒரு செய்தி ஊரில் பலரைக் கோபப்படுத்தியது. பெரியவர், சாதாரண மக்கள் என்ற வேறுபாடு இல்லாமல் அவரைக் கொல்லத் தேடினார்கள். மூன்று கலீஃபாக்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், ஒளிந்து வாழ்ந்து, 946-ஐ ஒட்டி ஒளிந்திருந்த இடத்திலேயே இறந்துபோனார்.

பெயர் மட்டும் சாகவில்லை. யாராவது நன்றாக ஆடினால் அஸ்-சூலி மாதிரி ஆடுகிறான் என்று சொல்வது வழக்கமானது. 300 வருடம் கழித்து வாழ்ந்த இப்னு கல்லிகான், ஷத்ரஞ்சைக் கண்டுபிடித்ததே அஸ்-சூலிதான் என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அது தவறு என்று மெனக்கெட்டு எழுத வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவர் சிஸ்ஸா என்ற இந்தியர் என்று சொல்லி, நாம எல்லாரும் கேட்டிருக்கும் அந்தக் கோதுமைக் கதையை அங்கேதான் சொல்கிறார். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டம். மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள். சிஎஸ்இ மக்களே, அன்சைன்டு 64-பிட் எண்ணின் உச்ச வரம்பு அதேதான். இப்னு கல்லிகானுக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. அலெக்ஸாண்ட்ரியாவைச் சேர்ந்த ஒரு கணக்கர் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டாராம்.

சரி, அந்த நாலு காய்?

அஸ்-சூலி விட்டுப்போன புதிர் அது. இன்று அதை அஸ்-சூலியின் வைரம் என்கிறார்கள். தானும் தான் சொல்லிக் கொடுத்தவர்களும் தவிர உலகில் யாராலும் இதை அவிழ்க்க முடியாது என்று அவர் பெருமையோடு எழுதி வைத்தார். புதிர் கைப்பிரதிகளில் பயணம் செய்து நம்மிடம் வந்தது. தீர்வு மட்டும் வந்து சேரவில்லை. நடுவில் ஆட்டமே மாறிவிட்டது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அந்த அப்பாவி மந்திரி, பலகை முழுக்கப் பாயும் ராணி ஆனார். பழைய விதியில் யோசிக்க ஆளே இல்லாமல் போனது. 1980-களில் டேவிட் ஹூப்பர், கென் வைல்டு என்ற இரு செஸ் ஆய்வாளர்கள் முயன்று பார்த்தும் முடியவில்லை. கடைசியில் சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக்தான் அவிழ்த்தார்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராஜா ஒவ்வொன்றுக்கும் 64 கட்டம். மூலைவாட்டில் மட்டும் நகரும் மந்திரிக்கு ஆளுக்கு 32 கட்டம். நான்கையும் பெருக்கினால் 41,94,304. யார் முறை என்பதையும் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரே கட்டத்தில் இரண்டு காய் நிற்பது போன்ற நடக்காத நிலைகளையும் எடுத்துவிட்டால் இன்னும் குறையும். நம்ம லேப்டாப்புக்கு இது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. ஜெயித்த நிலைகளில் தொடங்கிப் பின்னோக்கி வந்தால் போதும். அஸ்-சூலி இதை வெறும் மூளையில் பிடித்து வைத்திருந்தார் என்பதை நினைச்சா இன்னும் புல்லரிக்குது.

கூடவே கொஞ்சம் கோபமும் வருது. ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் போதுமே, சார்!

ஏன் இவ்வளவு கோபம்னா, போன வருஷம் எங்க டீமுக்கு சீனியர்ஸ் விட்டுட்டுப் போன ஒரு ரோவர் வந்தது. அவங்க கையில் அழகா ஓடிய வண்டி, எங்க கையில் நகரவே இல்லை. எந்தப் பின் எங்கே போகுது, மோட்டார் கன்ட்ரோலரில் ஏன் அந்த ஒரு எண், எதுவுமே எழுதப்படலை. ஒரு அண்ணாவுக்குப் போன் பண்ணினா, அவருக்கே மறந்துபோச்சு. மூணு வாரம் போராடி, கடைசியில் பாதி வயரிங்கைப் பிரிச்சுத் திரும்பக் கட்டினோம்.

அஸ்-சூலி தன் கலீஃபாவைப் பற்றி எழுதி வைத்தார். அந்தப் பகுதி 1935-ல் அச்சிலும் வந்தது. அதனால்தான் புத்தகத்தைப் பறிகொடுத்த ஒரு பையனின் கோபம்கூட ஆயிரம் வருஷம் தாண்டி நமக்குத் தெரியுது. வைரத்தின் விடையை நம்பி விட்டது தலைகளிடம் மட்டும். தலைகள் போயின, விடையும் போச்சு.

இன்னும் ரெண்டு மாசத்துல நாங்க கிளம்பிடுவோம். ரோவருக்கு 14 பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி லேப் கம்ப்யூட்டரில் போட்டிருக்கேன். தமிழும் இங்கிலீஷும் கலந்து, அசிங்கமான படங்களோட. ஜூனியர்ஸ், வந்து எடுத்துக்கோங்க. ஃபைனல் இயர் நண்பர்களே, நீங்களும் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க தலையில மட்டும் இருக்கிற ஒரு விஷயத்தையாவது எழுதி வச்சிட்டுப் போங்க.